குழலைப் பழக்குகிறவர்கள்

ஒரு விஷயத்தில் சண்டைக்கு இறங்குவதற்கு முன்னால், அதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்துக்கொள்வது நல்லது. புது ரைபிள் குழலைப் ‘பழக்க’ வேண்டுமா, வேண்டாமா என்ற விவகாரத்தில் எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இதுவரை என் கதைகளில் மூன்றே மூன்று துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இரட்டைக்குழல் துப்பாக்கி. அதை வைத்துக்கொண்டு என் கதாநாயகன் மறுபடியும் மருந்து கெட்டிக்காமலே வரிசையாக மூன்று வேட்டுப் போட்டுவிட்டான். விவரம் தெரிந்த வாசகர் ஒருவர், “மூன்றாவது குண்டு எழுத்தாளரின் பேனாவிலிருந்து வந்ததா?” என்று கேட்டு ஒரு தபால் கார்டு போட்டிருந்தார். அதற்குப் பிறகு துப்பாக்கி என்றாலே கொஞ்சம் அடக்கமாகத்தான் இருந்து வந்தேன்.

இருந்தாலும் இப்போது வாயைத் திறக்கிறேன். காரணம், என் சின்னையா.

நாகலாபுரத்துக்கு வடக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு அவருடையது. 24 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அப்புறம் கோவில்பட்டியில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வேலையும் முடிந்து வீட்டோடு வந்த பிறகு, தமக்கென்று ஒரு ரைபிள் வேண்டும் என்று ஆசைப்பட்டார். தற்காப்புக்கு என்று மனுவில் எழுதினார். எனக்குத் தெரியும், அது தற்காப்புக்கு அல்ல. இருபது வருஷத்துக்கு மேல் தோளில் சாய்ந்திருந்த ஒரு கனம் இல்லாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை. சித்தி காலமான பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. மனு, விசாரணை, மறுவிசாரணை, டாக்டர் சர்டிபிகேட் என்று அலைந்து, கடைசியில் 2019 ஜனவரியில் ரைபிள் கைக்கு வந்தது. ·315 போர், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. பட்டாளத்துக்காரர்களின் பழைய ·303 ரைபிளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ·303 தோட்டா ராணுவச் சரக்கு, அதைக் குடிமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், அதே உடம்புக்கு வேறு அளவுத் தோட்டாவைக் கொடுத்து நமக்கென்று செய்தார்கள்.

ரைபிளோடு 50 தோட்டாக்கள் வந்தன. அவருடைய லைசென்ஸில் எழுதியிருந்த வருஷக் கணக்கு அவ்வளவுதான்.

ரைபிளை விற்ற கடைக்காரர் ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவர் சரக்கோடு ஓர் உபதேசத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். “புதுக்குழல், பழக்காமல் சுட்டுவிடாதீர்கள். முதல் பத்து வேட்டுக்கு ஒவ்வொன்று சுட்டதும் குழலைச் சுத்தமாகத் துடையுங்கள். அப்புறம் மூன்று மூன்றாகச் சுட்டுத் துடையுங்கள். 40, 50 போன பிறகுதான் குழல் வசத்துக்கு வரும். இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கக் குறி நிற்காது.” இதைக் கேட்டுக்கொண்டு வந்தது சின்னையா அல்ல, அவருடைய மகன். அவன் படித்தவன், ஏதாவது ஒன்றை முறையாகச் செய்யவேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவான். போதாததற்கு எங்கெங்கோ தேடிப் படித்து, அமெரிக்காவிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற தகவலையும் சேகரித்து வைத்திருந்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு ரைபிள் கிளப் மைதானத்துக்கு மூன்று பேரும் போனோம். காலை எட்டரைக்குத் தொடங்கினோம். சின்னையா படுத்து, மூச்சை அடக்கி, குறி வைத்தார். “அப்பா, குறியெல்லாம் இப்போ வேண்டாம். சும்மா எதிரே இருக்கிற மண்மேட்டைப் பார்த்துச் சுடுங்க. குழல் பழகட்டும்” என்றான் மகன். ஒரு வேட்டு. உடனே ரைபிளை வாங்கிக்கொண்டு போய்க் கம்பியை விட்டுத் துடைத்தான். மருந்து ஊற்றினான், துணி விட்டான், இன்னொரு துணி விட்டான், எண்ணெய் விட்டான், எண்ணெயைத் துடைத்தான். மறுபடி ஒரு வேட்டு. மத்தியானம் வெயில் ஏறிவிட்டது. பொட்டலத்தில் இருந்த புளிச்சாதம் தீர்ந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு 40 தோட்டாக்கள் போயிருந்தன. இலக்கு அட்டை ஒன்றுகூடக் கட்டவில்லை.

வண்டியில் திரும்பும்போது சின்னையா வெகு நேரம் பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், இருட்டிப் போன கரிசல் காட்டைப் பார்த்தபடி சொன்னார்: “24 வருஷம் துப்பாக்கி தூக்கினேன். ஒரு நாளும் எனக்குப் பழக்கின துப்பாக்கி குடுத்ததில்ல. என்னையத்தான் பழக்கினாங்க.”

என் கட்சியை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் கட்சி என்று வந்துவிட்டால் வாதமும் வேண்டும் அல்லவா? அன்றிரவிலிருந்து நானும் படிக்கத் தொடங்கினேன்.

‘பழக்குதல்’ என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். ரைபிள் குழலின் உட்புறம் வழுவழுவென்ற குழாய் அல்ல. அதில் சுருளாக ஓடும் பள்ளங்கள் உண்டு. அவை குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புவதால்தான் அது நேராகப் போகிறது. அந்தப் பள்ளங்களை வெட்டும்போதும், தோட்டா உட்காரும் அறையைக் குடையும்போதும் உருக்கில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. குண்டுக்கு மேலே செம்புச் சட்டை இருக்கிறது. அது இந்தக் கீறல்களில் உரசி, கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பை விட்டுப் போகிறது. செம்பு படிந்தால் கீறல் மூடிக்கொள்ளும். அடுத்த குண்டு அதைத் தேய்த்து மட்டமாக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் செம்பைத் துடைத்துவிட்டு, அடுத்த குண்டுக்குக் கீறலைத் திறந்து காட்ட வேண்டும். இதுதான் எதிர்க்கட்சியின் சித்தாந்தம். முட்டாள்தனமான சித்தாந்தம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இப்படிப்பட்டவற்றிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஏனென்றால், பழக்குதல் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மனசு எங்கே ஓடுகிறது? புது தோசைக்கல்லுக்கு ஓடுகிறது. எண்ணெய் தடவி, சூடு காட்டி, வெங்காயத்தைத் தேய்த்து, முதல் நாலு தோசையைக் காக்காய்க்குப் போட்டுப் பழக்குகிறோம். புது மண்சட்டியைக் கழுநீரில் ஊறவைக்கிறோம். காளைக் கன்றுக்கு நுகத்தடியைப் பழக்குகிறோம். புது கிரிக்கெட் மட்டையை எண்ணெய் தடவி மரச் சுத்தியலால் தட்டுகிறார்கள். புது மோட்டார் சைக்கிளை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டு என்கிறார்கள். இத்தனையும் உண்மையாக இருக்கும்போது, துப்பாக்கிக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

இருக்கக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் வெந்து இறுகி ஒரு தோல் போலப் படிகிறது. அந்தத் தோல்தான் தோசையை விடுகிறது. அங்கே பழக்குதல் என்றால் ஒன்றைப் படியவைப்பது. துப்பாக்கியிலோ படிந்ததைத் துடைப்பதையே பழக்குதல் என்கிறார்கள்! கிரிக்கெட் மட்டை மரம். தட்டினால் நார் இறுகும். உருக்கை யாரும் அப்படி இறுக்க முடியாது. மோட்டார் எஞ்சினில் பிஸ்டன் நிமிஷத்துக்கு 3,000 தடவை ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை ஒரே சுவரில் உரசுகிறது. அப்படி உரசினால் எதுவும் பழகும்.

குண்டு குழலுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியுமா? ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறு. 25 வேட்டுச் சுட்டாலும் எல்லாம் சேர்ந்து ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. நீங்கள் ஒருமுறை கண் இமைத்தால் அதைவிட அதிக நேரமாகிறது. அந்த இமைப்பொழுதுக்குக் குறைந்த உரசலுக்காக, சின்னையாவின் மகன் காலையிலிருந்து மாலை வரை கம்பியும் துணியுமாக நின்றான்.

“அந்தக் கொஞ்ச நேரத்தில் நடப்பது சாமானியமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ராணுவ ரைபிள் ஒன்றில் வெடிமருந்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவுக்குப் போகிறது. அந்த வெப்பமும் அழுத்தமும் குழலின் தொண்டைப் பகுதியை அரிக்கின்றன என்பதும் உண்மை. முரட்டுக் குழல்கள் சுடச் சுடக் கொஞ்சம் மென்மையாவதும் உண்டு. செம்பு படிவது குறைவதும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சுடுவதால் நடக்கிறது. நீங்கள் குறி வைத்துச் சுட்டாலும் நடக்கும். மண்மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் நடக்கும். நடக்கப் போகிற ஒன்றுக்காக 40 தோட்டாக்களைக் குருட்டு வேட்டாக ஆக்குவானேன்?

இன்னொன்று. நாம் புதுக்குழல், கன்னிக்குழல் என்று கொண்டாடுகிறோமே, அது உண்மையில் புதியதே அல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஒவ்வொரு ரைபிளையும் சாதாரணத் தோட்டாவைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பரீட்சை செய்கிறார்கள். குழல் வெடிக்கவில்லை என்றால் முத்திரை குத்துகிறார்கள். அங்கே யாரும் வேட்டுக்கு வேட்டு எண்ணெய்த் துணியோடு காத்திருப்பதில்லை. இஷாப்பூரில் மட்டுமல்ல, 1966-லிருந்து நம் திருச்சியிலும் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களிலிருந்து படைகளுக்கு ரைபிள்கள் ஆயிரம் ஆயிரமாகப் போகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வேட்டுக்கு வேட்டுத் துடைத்துப் பழக்குவதென்றால், சிப்பாய்களுக்கு எல்லையைக் காக்க ஏது நேரம்? பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்த வாசகர்கள் தங்கள் ·22 ரைபிளை நினைத்துப் பாருங்கள். வரிசையில் படுத்து ஆளுக்கு ஐந்து ரவை சுட்டுவிட்டு எழுந்து போனீர்கள். அடுத்தவன் அதே துப்பாக்கியில் படுத்தான். அந்த ·22 ரவை வெறும் ஈயம். செம்புச் சட்டையே கிடையாது. அதற்கும் பழக்கும் முறை ஒன்றை உபதேசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று படித்தபோதுதான், இது சாஸ்திரத்தைத் தாண்டிச் சம்பிரதாயமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சரி, குழல் செய்கிறவர்களே என்ன சொல்லுகிறார்கள்? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் பந்தயத் துப்பாக்கிகளுக்குக் குழல் செய்கிற பெயர் பெற்ற கம்பெனிகள் உண்டு. அவற்றில் க்ரீகர் என்ற கம்பெனி பழக்கத்தான் வேண்டும் என்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் நேர்மையானது. தங்கள் குழலின் உட்புறத்தை நீளவாக்கில் தேய்த்து மெருகேற்றி அனுப்புகிறார்கள். ஆனால் பிறகு தோட்டா அறையைக் குடைகிறவன் தொண்டையில் குறுக்குக் கீறலைப் போட்டுவிடுகிறான். அந்தச் சிறு பகுதி மட்டும் மழுங்குவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். மெருகேறிய குழலுக்குக் கொஞ்சம் வேட்டுகளே போதும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இன்னொரு கம்பெனி ஷைலன். அவர்கள் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்தது. வாங்குகிறவர்கள் ஒரு முறை வேண்டும் என்று எதிர்பார்த்ததால்தான் நாங்களும் ஒன்றை எழுதிவைத்தோம், மற்றபடி இதை ஒரு பெரிய காரியமாக நாங்கள் நினைக்கவில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்கள். கேல் மெக்மில்லன் என்ற குழல் தயாரிப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தப் பழக்கத்தால் லாபம் குழல் விற்கிறவனுக்குத்தான். ஒவ்வொரு வேட்டும் குழலின் ஆயுளில் ஒன்றைக் குறைக்கிறது. சீக்கிரம் தேய்ந்தால் சீக்கிரம் இன்னொன்று வாங்குவாய் அல்லவா என்பது அவர் கட்சி.

எங்கள் கடைக்காரரை நான் அப்படிச் சந்தேகிக்கவில்லை. வருஷக் கணக்கு இருக்கும்போது அவரால் நினைத்தபடி தோட்டா விற்க முடியாது. தமக்கு யாரோ சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்னார். சம்பிரதாயம் பரவுவதற்கு வஞ்சகம் தேவையே இல்லை. நல்லெண்ணமே தாராளமாகப் போதும்.

“நான் பழக்கினேன், என் ரைபிள் அருமையாகச் சுடுகிறது” என்று சாட்சி சொல்ல வருகிறவர்கள் அநேகம். புது லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், லாரி கவிழவில்லை என்பவரையும் எனக்குத் தெரியும். ஒரே குழலைப் பழக்கியும் பழக்காமலும் பார்க்க முடியாது. பழக்கிவிட்டால், பழக்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது அந்தக் குழலுக்கே தெரியாது. உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஒரே நாளில் ஒரே உருக்கில் செய்த குழல்களை எடுத்து, பாதியைப் பழக்கி, பாதியைப் பழக்காமல், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு ரைபிள்களை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஐந்து வேட்டுப் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுவது சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டை உருவி, கட்டில் எல்லாமே ராஜாதான் என்று சொல்லுகிற மாதிரி. எலுமிச்சம்பழத்துக்கு நான் விரோதியல்ல. அதன் விலை சொற்பம், மனசுக்கு ஒரு தைரியம் கிடைக்கிறது, கிடைக்கட்டும். 50 தோட்டாக்களில் 40 என்பது எலுமிச்சம்பழம் அல்ல.

அமெரிக்காவில் ஒருவன் கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்கி வருவான். அவனுக்கு 40 என்பது ஒரு காலைப் பொழுதின் பொழுதுபோக்கு. அவன் பழக்கினாலும் பழக்காவிட்டாலும் நமக்கு ஒன்றுமில்லை. அவன் வீட்டு வழக்கத்தை நாகலாபுரத்துக்குக் கொண்டுவரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஊரில் ஆயுதம் என்பது எண்ணிக் கொடுக்கிற பொருள். 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு, கட்டபொம்மனின் தானாதிபதி சிவசுப்பிரமணிய பிள்ளையை இதே நாகலாபுரத்தில்தான் தூக்கிலிட்டார்கள். அடுத்த மாதம் கயத்தாற்றில் கட்டபொம்மன். கையோடு, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மேஜர் பானர்மன் உத்தரவு போட்டார். அதற்கப்புறம் 1878-இல் வெள்ளைக்காரனின் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் நாம் ஒன்று செய்து, 1962-இல் அமலுக்குக் கொண்டுவந்தோம். எண்ணிக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கண்டவர் கையில் துப்பாக்கி இல்லாத ஊரில் வாழ்வது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. நான் சொல்வது, எண்ணி வாங்கியதை எண்ணிச் செலவழி என்பதுதான். இரண்டு மழைக்குக் காத்திருந்து விதைக்கிற மானாவாரிக் கரிசல்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விதைச் சோளத்தை எடுத்துப் புதுக் கலப்பையைப் பழக்குகிறேன் என்று எவனாவது பாறையில் தூவுவானா?

பழக்கத்தால் நஷ்டம் தோட்டாவோடு நிற்பதுமில்லை. துடைப்பது என்பதே ஒரு தேய்ப்பு. மூன்று துண்டாகத் திருகிச் சேர்த்த கம்பியைக் குழலின் வாய்ப்பக்கத்திலிருந்து செலுத்தி இழுத்தால், மூட்டுகள் விளிம்பில் உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த விளிம்புதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் குறி சாயும். சின்னையாவின் ரைபிளில் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகவே துடைக்கலாம். மகனுக்கு அது தெரியாது. பத்துத் தடவை வாய்ப்பக்கமாகவே செலுத்திவிட்டான். பதினொன்றாவது தடவைதான் சின்னையா கவனித்தார். “ஏலே, அது என்ன சாக்கடையா?” என்று கத்தி ரைபிளைப் பிடுங்கிப் போல்ட்டை உருவிக் காட்டினார். அவர் காலத்தில் ஒரு கயிறும் நாலங்குலத் துணித்துண்டும்தான், புல்-த்ரூ என்பார்கள். சுட்டு முடித்த பிறகு சாயங்காலம் ஒருமுறை இழுப்பார்கள்.

அப்படியானால் புது ரைபிளுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்ய வேண்டும். துரு பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் தடவிய கொழுப்பை முதல் வேட்டுக்கு முன் சுத்தமாகத் துடைக்க வேண்டும். குழலுக்குள் துணித்துண்டு எதுவும் தங்கியிருக்கவில்லை என்று பார்க்க வேண்டும். அப்புறம் கிடைத்த தோட்டாக்களை வைத்துக்கொண்டு, குறி எங்கே விழுகிறது என்று பார்த்து, பார்வைக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். பட்டாளத்தில் இதை ஜீரோ செய்வது என்கிறார்கள். ஐந்து வேட்டு, ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது குரூப்பிங். குரூப்பிங் சரியாக இருந்தால் ஆளும் ரைபிளும் சரி. பரந்து கிடந்தால், பெரும்பாலும் ரைபிளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒரு வேளை முரட்டுக் குழலாக இருந்து, செம்பு கன்னாபின்னாவென்று படிந்து, குறி கலைந்தால், அப்போது துடைத்துக்கொள்ளுங்கள். கையால் மெருகேற்றிய பந்தயக் குழல் ஒன்றை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாம்பியன் யாராவது இதைப் படித்தால், அவர் தம் கம்பெனிக்காரன் சொல்கிறபடி செய்யட்டும். நான் அவருடைய வழக்குக்கு வரவில்லை.

பழக்குதலின் பக்கம் இருக்கிற ஒரே உண்மையான பலன், அந்த 40 வேட்டும் சுடுகிறவனுடைய தோளுக்கும் விரலுக்கும் பழக்கம் என்பதுதான். பலர் முதல் நாளைவிட மூன்றாம் நாள் நன்றாகச் சுடுகிறார்கள். குழல் பழகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். பழகியது எது? எங்கள் பக்கத்து மணியாச்சி ஸ்டேஷனில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் கைத்துப்பாக்கி. அதற்கு முன்னால் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடப் பழகினார் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அங்கே பழக்கியது துப்பாக்கியை என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தக் காரியத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, இந்த ஒரு விஷயத்தில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பலன்கூடச் சின்னையாவுக்குக் கிடைக்கவில்லையே! குறி வைக்காதீர்கள் என்று சொல்லி மண்மேட்டில் சுடவைத்தால் தோளுக்கு வலிதான் மிச்சம். அந்த வலி அவருக்கு ஒரு வாரம் இருந்தது.

மீதி பத்துத் தோட்டாக்கள் இருந்தன. அடுத்த வாரமே போகலாம் என்றிருந்தோம். அதற்குள் மார்ச்சில் பார்லிமெண்டுத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. அதோடு சேர்த்து விளாத்திகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தலும். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரைபிள் போயிற்று. மே மாதம் வோட்டு எண்ணி முடிந்த பிறகு திரும்பி வந்தது. அப்புறம் சின்னையாவுக்கு ஒரு கண்ணில் புரை. ஆபரேஷன், கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து. கண் தேறியபோது டிசம்பர். கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல்! மறுபடி ரைபிள் ஸ்டேஷனுக்குப் போயிற்று. முதல் வருஷத்தில் அது எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்ததைவிட ஸ்டேஷன் சுவரில் சாய்ந்திருந்ததுதான் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

2020 பிப்ரவரியில் மறுபடி அதே மைதானத்துக்குப் போனோம். பத்தில் ஐந்தைச் சுடுவது, ஐந்தை வைத்துக்கொள்வது என்று சின்னையா தீர்மானித்திருந்தார். இந்தத் தடவை அட்டையை அவரே நடந்துபோய்க் கட்டினார், 50 மீட்டர். திரும்பி வந்து, பாயை விரித்துப் படுத்தார். வயசு 70. கால்களை அகட்டி வைத்ததையும், வார் முழங்கைக்குள் இறுகியதையும் பார்த்தபோது, அந்த உடம்புக்குள்ளிருந்து யாரோ ஓர் இளைஞன் எழுந்து வந்து படுத்திருப்பது போல் இருந்தது.

முதல் வேட்டு வலப்பக்கமாக மேலே போயிற்று. எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்த குழலில் முதல் குண்டு அப்படித்தான் போகும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மகன் அனிச்சையாகக் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“அப்பா, ஒரு தடவை மட்டும்...”

“உள்ள வையி.”

அடுத்த நாலு வேட்டையும் அவசரமில்லாமல் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பீடி பிடிக்கிற நேரம் இருக்கும். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எங்களை அழைக்காமலே அட்டையை நோக்கி நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கையை அட்டையின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். கையை எடுத்தார். நாலு துளையும் ஒரு வெற்றிலைக்குள் அடங்கியிருந்தன. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அது பார்வைக் கருவியைச் சரிசெய்ய வேண்டிய வேலை. அந்தக் கணக்கை அவர் உடனேயே வாய்க்குள் போட ஆரம்பித்துவிட்டார்.

அட்டையைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வரும் வழியில் எட்டயபுரத்தில் காப்பி சாப்பிட்டோம். காப்பிக்கு அவர்தான் காசு கொடுத்தார்.